அடிதிருப்புளியா, அடித்திருப்புளியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சுத்தியலால் அடித்து, இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழற்றும் கருவிக்கு (இம்பாக்ட் டிரைவர்) நம் குழுமத்தில் தமிழ்ப் பேர் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: மோதல் இயக்கி, தாக்குதிருகி, அறைதிருப்பி. ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையிலிருந்து புளியரைக்கு வண்டியை விட்டேன். அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் மூன்றையும் சொல்லிப் பார்த்தேன்.

‘இயக்கி’ என்றதும் “இசக்கியம்மனா தம்பி?” என்று கேட்டார். அதோடு அந்தச் சொல்லைக் கணினிக்காரர்கள் எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். ‘திருகி’ என்றால் எங்கள் வீட்டில் தேங்காய்தான். ‘அறை’ பரவாயில்லை, ஆனால் ஆணியை உள்ளே அறைவோம், இங்கே நமக்கு வெளியே வர வேண்டும்.

அண்ணாச்சி அப்போது பழைய ஆர்எக்ஸ் 100 ஒன்றின் இன்ஜின் பக்க மூடியைத் திறந்துகொண்டிருந்தார். மூடி அலுமினியம், ஸ்க்ரூ இரும்பு. சாரலில் மாதக்கணக்காக நனைந்த வண்டி. இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, மரையோடு சேர்ந்து இறுகிவிடும். சாதாரணத் திருப்புளியை (ஸ்க்ரூடிரைவர்) வைத்து வெறும் கையால் திருகினால், ஸ்க்ரூ தலையில் உள்ள ஸ்டார் பள்ளத்தை விட்டு அதன் முனை எகிறும். நாலு தடவை எகிறினால் பள்ளமே மழுங்கிவிடும். போன வருஷம் நானே அப்படி ஒன்றை மொட்டையாக்கி, டிரில் போட்டு எடுத்தேன்.

அண்ணாச்சி இம்பாக்ட் டிரைவரின் முனையைப் பள்ளத்தில் உட்கார வைத்தார். கருவியின் உடம்பைக் கழற்றும் பக்கமாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையில் நச்சென்று ஓர் அடி. உள்ளே சாய்வாக வெட்டிய காடி இருக்கிறது. அடி இறங்கும்போது அந்தச் சாய்வு முனையைக் கொஞ்சம் சுழற்றிவிடும். அதே அடிதான் முனையைப் பள்ளத்துக்குள் அமுக்கியும் வைக்கிறது, அதனால் எகிற வழியில்லை. மூன்றாவது அடியில் ‘டிக்’ என்றது. மிச்சத்தைச் சாதாரணத் திருப்புளியாலேயே கழற்றிவிட்டார். (திசையை மாற்றி வைத்து அடித்தால் இன்னும் இறுகும். அதையும் செய்திருக்கிறேன்.)

பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. திருப்பு + உளி = திருப்புளி. உளி என்றால் சுத்தியலடி வாங்க வேண்டியது. இத்தனை நாளும் அடி வாங்காத ஒன்றை உளி என்று சொல்லி வந்திருக்கிறோம். உண்மையில் அடி வாங்கித் திருப்புவது இதுதான். திருப்புளி என்ற பேரே இதற்குத்தான் சரி, ஆனால் அது கைமாறிப் போயிற்று. ஆகவே என் பரிந்துரை: அடிதிருப்புளி.

நடுவில் ‘த்’ போட வேண்டாம். இது வினைத்தொகை: அடித்த, அடிக்கிற, அடிக்கும் திருப்புளி. குடிதண்ணீர், சுடுசோறு மாதிரி வல்லினம் மிகாது. ‘அடித்திருப்புளி’ என்று எழுதினால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு திருகுகிற ஏதோ ஒன்று ஆகிவிடும்.

மின்சாரத்தில் ஓடுகிற இம்பாக்ட் டிரைவருக்கும் இதே சொல் போதுமா என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். போதாது என்பேன். அதில் அடி மேலிருந்து இறங்குவதில்லை. உள்ளே சுழலும் பாகம் சுழலும் திசையிலேயே இடித்துக்கொண்டிருக்கும், முனையை நாம்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கே உளிக்கு வேலை இல்லை. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

பி.கு.: மலையாளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே மலையாள ராஜ்யத்தில் இருந்ததுதான், எனக்கு ஒன்றும் மறுப்பு இல்லை. ஆனால் ஆரியங்காவு தாண்டினால் ஸ்க்ரூவுக்குப் பேர் பிரியாணி. தமிழ் எழுத்தில் அதைச் சாப்பிடுகிற பிரியாணியிலிருந்து எப்படி வேறுபடுத்திக் காட்டுவது என்று சொல்லிவிட்டு அவர் மேலே பேசட்டும்.