புதுப்பிப்பு: கொக்குவிலில் இடித்த காரின் காப்புறுதி நிறுவனம் கிடைத்துவிட்டது

யாழ்ப்பாணம் கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியில் என் காரின் பின்பக்கத்தை இடித்தவர் காப்புறுதி விவரம் தராமல் போய்விட்டார், இலக்கத் தகடு மட்டும் என் படத்தில் இருக்கிறது, அவருடைய காப்புறுதி நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில், ஒருவர் சொன்னபடி படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். அவருடைய காரின் முன்கண்ணாடி மூலையில், வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் பக்கத்தில், காப்புறுதி அட்டை மங்கலாகத் தெரிந்தது. அந்த நிறுவனத்துக்கு அழைப்பு எடுத்தால், அது போன வருடத்து அட்டையாம்! அவர் காப்புறுதி நிறுவனத்தை மாற்றிவிட்டார். இதை நான் எதிர்பார்க்கவேயில்லை.

கடைசியில் கைகொடுத்தது, "பொலிஸில் முறைப்பாடு பதியுங்கோ அண்ணை" என்ற தம்பியின் யோசனைதான். பொலிஸ் போக்குவரத்துப் பிரிவு இடித்தவரைக் கூப்பிட்டு, நடப்புக் காப்புறுதிச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னது. நிறுவனப் பெயரையும் காப்புறுதிப் பொலிசி இலக்கத்தையும் அங்கேயே குறித்துக்கொண்டேன். புது நிறுவனமும் முதலில் கேட்டது முறைப்பாட்டுப் பிரதியைத்தான். நேற்று இழப்பீட்டுக் கோரிக்கையைக் கொடுத்துவிட்டேன்.