ஹைலைட் கிளிப்பிங்கிற்கு ‘மறுகால்’ சரிப்படுமா?

> கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த கரண்டிவாயன் பறவைப் படத்துக்கு நாலு பேர் நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள்: வெளிறிவிட்டது, மிகையொளி, வெள்ளை அடித்துவிட்டது, கிளிப் ஆகிவிட்டது. ஒளி மிகுந்த இடத்தில் விவரம் தொலைவதற்கு (ஹைலைட் கிளிப்பிங்) இதில் எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது?

அண்ணாச்சி, வணக்கம்.

முதலில் படம். அலகு நுனியில் தொங்கும் நீர்த்துளி வரை ஃபோகஸ் கூர்மை. மர நிழல் விழுந்த தண்ணீர் பறவையை நன்றாகத் தூக்கிக் காட்டுகிறது. குறை ஒன்றே ஒன்று: வலது இறக்கையின் மேற்புறத்தில் இறகு வரியே இல்லை, வெறும் வெள்ளைத் திட்டு.

இதற்கு ‘வெளிறல்’ வேண்டாம். மஞ்சு மூடிய பொதிகை மலைப் படமும் வெளிறித்தான் இருக்கும். அதில் விவரம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் வெளியே வரும். ‘வெளிறிவிட்டது’ என்று படித்துவிட்டு இந்தப் படத்திலும் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் மிச்சமுள்ள இறகு வரிகளும் போய்விடும். ‘மிகையொளி’ என்பது முழுப் படத்துக்கான அளவு. இங்கே தண்ணீரும் மரமும் சரியாகவே இருக்கின்றன, இறக்கை மட்டும்தான் போயிருக்கிறது.

நான் சொல்வது ‘மறுகால்’: குளம் நிறைந்ததும் மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழி.

கேமராவில் ஒளியை வாங்கும் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு குளம். ஒளி விழ விழ எலக்ட்ரான் பெருகும். நிறைந்த பிறகு எவ்வளவு வந்தாலும் கணக்கில் ஏறாது, எண் ஒரே இடத்தில் நின்றுவிடும். 8 பிட் ஜேபெக்கில் அது 255. கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் 14 பிட் ராவில் (RAW) போகக்கூடிய உச்சம் 16383. அடுத்தடுத்த பிக்சலெல்லாம் 255 என்றால் இறகுக்கும் இறகுக்கும் நடுவே கோடு எப்படித் தெரியும்?

உவமை இன்னும் கொஞ்ச தூரம் வருகிறது. ஐஎஸ்ஓவை (சென்சார் தரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) 100இலிருந்து 200க்கு ஏற்றுவது மறுகால் சுவரைப் பாதியாக இறக்குவது போல. பாதி ஒளியிலேயே மறுகால் பாய்ந்துவிடும். குளத்தடியில் கிடக்கும் தூர்தான் நாய்ஸ், அதாவது படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல். தூருக்கு மேலே, மறுகாலுக்குக் கீழே கிடைக்கிற ஆழமே டைனமிக் ரேஞ்ச், அதாவது ஒரே படத்தில் பிடிபடும் இருள்-ஒளி வீச்சு. சொல்லும் ஒட்டிக்கொண்டு வளர்கிறது: மறுகால் எச்சரிக்கை, மறுகால் மட்டம், சிவப்பு மறுகால். கடைசியாகச் சொன்னது அவசியம் வேண்டும். செவ்வரளி மாலையை எடுக்கும்போது மொத்த ஹிஸ்டோகிராம் (ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) நல்லபடியாகத் தெரியும், சிவப்பு மட்டும் முட்டியிருக்கும், மாலை ஒரே சிவப்புக் கட்டியாக வந்து நிற்கும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் பார்த்தால்தான் அது பிடிபடும்.

---

> ‘மறுகால்’ நமக்குப் புரியும். வடக்கே ‘கலங்கல்’ என்பார்களே? இன்னொன்று, மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போய்ச் சேரும். கேமராவில் அது வீண்தானே? பழைய சிசிடி சென்சாரில் மின்னூட்டம் பக்கத்துப் பிக்சலுக்கு வழிந்து செங்குத்தாக வெள்ளைக் கோடு விழுமே, ‘மறுகால்’ அதற்கல்லவா பொருந்தும்? நிழல் பக்கம் 0க்குப் போய் முட்டுவதற்கும் ஒரு சொல் வேண்டும்.

‘கலங்கல்’ புகைப்படத்துக்கு ஆகாது. கலங்கிய நீர் என்ற பொருளும் அதற்கு இருப்பதால், படம் தெளிவில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘மறுகால்’ என்ற சொல்லுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. மறுகால்குறிச்சி, மறுகால்தலை என்று ஊர்ப் பெயரிலேயே நிலைத்த சொல். ஒருமுறை விளக்கினால் எந்த ஊர்க்காரருக்கும் பிடிபடும்.

இரண்டாவது கேள்வி நியாயமானது. ஆனாலும் எல்லா மறுகாலும் இன்னொரு குளத்தில் போய் விழுவதில்லை, ஓடை வழியே ஆற்றில் கலப்பதும் உண்டு. பல சென்சார்களில் மிகுதி மின்னூட்டத்தை இழுத்துவிட வடிகால் அமைப்பே இருக்கிறது. சிசிடி கோட்டுக்கு ‘வழிவு’ போதும். நிறைந்து நிற்பது மறுகால், பக்கத்துக்குப் பரவுவது வழிவு. இப்படிப் பிரித்துக்கொண்டால் சண்டை இல்லை.

நிழல் பக்கத்துக்குத் தோணியிலிருந்து எடுக்கலாம்: தரைதட்டல். ‘நிழல் தரைதட்டிவிட்டது’ என்றால் விளக்கமே வேண்டாம். ‘கீழ் மறுகால்’ மட்டும் வேண்டாம், தண்ணீர் அடியில் மறுகால் பாயாது.

---

> சரி, மறுகாலே இருக்கட்டும். தவிர்ப்பது எப்படி என்பதையும் சேர்த்து எழுதினால் படம் எடுத்த தம்பிக்கு உதவும்.

எழுதுகிறேன். இருண்ட தண்ணீர் சட்டத்தில் பெரும்பங்கை அடைத்துக்கொண்டதால் கேமராவின் ஒளி மீட்டர் மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கப் பார்த்திருக்கிறது, அந்த வேகத்தில் வெள்ளைப் பறவை மறுகாலுக்கு மேலே போய்விட்டது. முழுச்சட்ட அளவீட்டில் எக்ஸ்போஷரை 1 ஸ்டாப் குறைத்து (அதாவது ஒளியைப் பாதியாக்கி) ஒரு படம் எடுத்து, திரையில் சிமிட்டும் மறுகால் எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். இறக்கையில் இன்னும் சிமிட்டினால் மேலும் மூன்றில் ஒரு ஸ்டாப். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் அளவீட்டில் கணக்கு நேர்மாறு: வெள்ளை இறக்கையை நோக்கி அளந்தால் மீட்டர் அதைச் சாம்பலாக்கிவிடும், ஆகவே சுமார் ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கை வைத்துப் போடுவது. ராவில் பெரும்பாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பச்சை மட்டும் முட்டி, சிவப்பும் நீலமும் தப்பியிருந்தால் இறகின் வடிவத்தை மீட்கலாம். மூன்றும் முட்டியிருந்தால் ஹைலைட்டைக் குறைக்கக் குறைக்க வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாகும், வரி வராது.

நீர்த்துளி மினுக்கத்திலும் குத்துவிளக்குச் சுடரிலும் மறுகால் பாயட்டும், அங்கே காப்பாற்ற விவரம் ஒன்றுமில்லை.

படத்துக்கான என் கருத்தை இப்படித் திருத்திப் போடுகிறேன்: “வலது இறக்கையில் மறுகால் பாய்ந்திருக்கிறது. அலகுத் துளியில் இருப்பது கிடக்கட்டும். ராவைத் திறந்து நீலத்தில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. அடுத்த தடவை 1 ஸ்டாப் குறைத்து எடுங்கள். கரையோரம் நிழல் தரைதட்டவில்லை, குறைக்க இடம் இருக்கிறது.”