தாத்தா வீட்டு குரூப்: பங்குனி உத்திரத்துக்கு தாத்தாவோட சாண்ட்ரோ கார் வருமா?

*செல்வம் அண்ணன்:* சாண்ட்ரோவ எடுத்துப் பாத்தேன். ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஒரே நடுக்கம். ஆச்சிய உக்கார வச்சி சாஸ்தா கோயில் வரை போகும்னு தோணல

*மாலா மைனி:* உத்திரம் இந்த வாரம்லா 😳

*பெரியப்பா:* கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவு

*செல்வம் அண்ணன்:* அப்பா அது 2004 மாடல். கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலத் தூவி விடுற இன்ஜெக்டர்தான்

*பெரியப்பா:* அதையும் கழுவு

*குமார் அத்தான்:* 😂😂 ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க

*கோமதி அத்தை:* அப்பா போனதுல இருந்து அந்த வண்டிய யாராவது ஒழுங்கா எடுத்தீங்களா? வேப்பமரத்தடில தார்ப்பாயப் போட்டு மூடி வச்சா எப்படி ஓடும்

*கோமதி அத்தை:* எனக்குக் கேட்டப்போ தரல. சரி விடுங்க

*பிரியா:* அத்தை 🙏

*சேது சித்தப்பா:* செல்வம், சூடானப்புறமும் நடுங்குதா? கருப்புப் புகை வருதா?

*செல்வம் அண்ணன்:* சூடானப்புறமும்தான். புகை இல்ல. ஏசி போட்டா ஆஃப் ஆயிருது

*சேது சித்தப்பா:* அப்போ ஒரு சிலிண்டர் வேலை செய்யல. நாலுல மூணுலதான் ஓடுது. வண்டிய ஐடில்ல விட்டு இன்ஜெக்டர் சாக்கெட்ட ஒண்ணொண்ணாக் கழட்டி மாட்டு. கழட்டும்போது இன்ஜின் இன்னும் தள்ளாடினா அந்த சிலிண்டர் நல்லாருக்குன்னு அர்த்தம். எதைக் கழட்டினா ஒரு மாத்தமும் தெரியலியோ, கோளாறு அங்கதான். அதுக்காக உடனே இன்ஜெக்டர் மேல பழியப் போடாத. இன்ஜினை ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, அந்த சிலிண்டரோட ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாரு. பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா கரண்ட் வரல, பிளக்கோ வயரோ காயிலோ போயிருக்கும். காஞ்சு கிடந்தா பெட்ரோலே வரல. பக்கத்து பிளக்கோட மாத்திப் போட்டும் பாத்துக்கோ.

*மாலா மைனி:* பொங்கல் பானை யாரு கொண்டு வாரா? போன வருசம் மாதிரி ரெண்டு பேரும் கொண்டு வந்துறாதீங்க

*கோமதி அத்தை:* நான் கொண்டு வரல

*குமார் அத்தான்:* ⏩ பலமுறை பகிரப்பட்டது
இ20 பெட்ரோல் போட்டால் பழைய கார் தீப்பிடிக்கும்!! ஏழு பேருக்கு அனுப்பவும்!!

*பெரியப்பா:* அதான் விசயம். பெட்ரோல்ல கலப்படம்

*சேது சித்தப்பா:* குமாரு, போட்ட உடனே ஒண்ணும் தீப்பிடிக்காது. இ20-ன்னா பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் கலக்காங்க, 2023-ல இருந்து வருது. பழைய வண்டில ரப்பர் ஹோஸ், ஓரிங் (கசியாம இருக்கப் போடுற ரப்பர் வளையம்) எல்லாம் இதுக்குன்னு செஞ்சது இல்ல, நாளாக நாளாக உப்பும், வெடிப்பு விழும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஓட்டாமப் போட்டா டேங்குல தண்ணி சேரும், துரு வரும். இதுபோக, நிக்கிற பெட்ரோல் காஞ்சு பிசின் மாதிரி இன்ஜெக்டர் மூக்குல ஒட்டிக்கும். நம்ம வண்டில இதுதான்னு எனக்குப் படுது

*குமார் அத்தான்:* மாமா நான் சும்மா ஃபார்வர்ட் பண்ணேன்

*செல்வம் அண்ணன்:* மூணாவது சாக்கெட். கழட்டினாலும் மாட்டினாலும் ஒண்ணுபோலத்தான் ஓடுது. பிளக் காஞ்சு கிடக்கு. பக்கத்து பிளக்க மாத்திப் போட்டும் கோளாறு மூணாவதுலயேதான் நிக்குது

*சேது சித்தப்பா:* சபாஷ். நீள ஸ்குரூ டிரைவர் நுனிய அந்த இன்ஜெக்டர் மேல வச்சு, பிடியக் காதுல வையி. டிக் டிக்னு கேக்கா? ஃபேன் பெல்ட் கிட்ட சட்டை படாம

*செல்வம் அண்ணன்:* கேக்கு. மத்த மூணு மாதிரியேதான்

*சேது சித்தப்பா:* அப்போ இன்ஜெக்டருக்குள்ள இருக்கிற காயில் நல்லாருக்கு. சத்தம் இல்லன்னாதான் மல்டிமீட்டர் வைக்கணும், 12-ல இருந்து 16 ஓம் வரை காட்டும். உனக்கு அடைப்புதான்

*செல்வம் அண்ணன்:* நம்ம தெரு மெக்கானிக்கு ஊசிய விட்டுக் குத்தினா போயிரும்ங்காரு

*சேது சித்தப்பா:* குத்தவே கூடாது!!! ஓட்டை மயிரிழை கனம். கொஞ்சம் பெருசாச்சுன்னா பெட்ரோல் பனி மாதிரி தூவாது, ஒழுகும். எரியாத பெட்ரோல் ஆயில்ல இறங்கும்

*சேது சித்தப்பா:* நாலையும் கழட்டி பாளையங்கோட்டைல அல்ட்ராசோனிக் மிஷின் (ஒலி அதிர்வுல அழுக்கெடுக்கிறது) வச்சிருக்கவங்ககிட்ட குடு. முதல்லயும் கடைசிலயும் கண்ணாடிக் குழாய்ல அடிச்சுக் காட்டச் சொல்லு. நாலுலயும் ஒரே மட்டம் ஏறணும், தூவலும் ஒண்ணுபோல இருக்கணும். காட்டமாட்டேன்னா அங்க குடுக்காத. கழட்டுறதுக்கு முந்தி பம்ப் ஃபியூஸ உருவிட்டு வண்டி தானா நிக்கிற வரை ஓடவிடு. இல்லன்னா லைன்ல இருக்கிற பெட்ரோல் கண்ணுல அடிக்கும். அப்புறம் பேட்டரி நெகட்டிவ் வயரக் கழட்டு. ஓரிங் மேலயும் கீழயும் புதுசு போடு, துளி ஆயில் தடவி மாட்டு. பழசையே போட்டு கசிஞ்சா சூட்டு இன்ஜின்ல விழும், குமார் அனுப்பினது அப்பதான் நிஜமாகும். டேங்க் பெட்ரோலையும் இறக்கிரு, ஃபில்டரையும் மாத்து. இல்லன்னா அந்த அழுக்கே திரும்ப வரும்

*பெரியப்பா:* 👍

*மாலா மைனி:* சின்ன மாமா, இவ்வளவுக்கு எவ்வளவு ஆகும்?

*கோமதி அத்தை:* யாரு குடுக்கா?

*கோமதி அத்தை:* ஆர்சி இன்னும் அப்பா பேர்லதான இருக்கு. செலவுன்னா மட்டும் எல்லாருக்கும் பங்கா

*சேது சித்தப்பா:* அக்கா நான் குடுக்கேன். விடு

*கோமதி அத்தை:* நீ குடுக்கணும்னு நான் சொல்லலியே

*பெரியப்பா:* 🎤 1:42

*குமார் அத்தான்:* பெரிய மாமா, ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்கு

*பிரியா:* இன்சூரன்ஸ் இருக்கா முதல்ல?

*பிரியா:* அண்ணே?

*செல்வம் அண்ணன்:* பாக்கணும்

*மாலா மைனி:* நான் எதுக்கும் வேன் சொல்லி வைக்கேன். பதினாலு பேர்

*கோமதி அத்தை:* பதினஞ்சு. எங்க வீட்ல மூணு பேரு

*செல்வம் அண்ணன்:* வேண்டாம்னு சொல்லல. ஆனா ஆச்சி தாத்தா வண்டிலதான் வருவேன்னு உக்காந்திருக்கா. நாளைக்கு இன்ஜெக்டர கொண்டு போறேன், சாயந்தரம் மாட்டி ஓட்டிப் பாத்துச் சொல்லுதேன்

*மாலா மைனி:* வேன்காரர் இன்னிக்கே அட்வான்ஸ் கேக்காரு

*சேது சித்தப்பா:* செல்வம், ஃபியூஸ் மறந்துறாத