மாலை போட்ட பையன் சேஃப்டி ஷூ போட மாட்டேங்குறான், மெமோ குடுக்குறதா?

ஒரகடம்_லைன்_இன்சார்ஜ் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில மெஷின் ஷாப்ல லைன் இன்சார்ஜா இருக்கேன், என் லைன்ல மொத்தம் 26 பேர். அதுல ஒரு பையன், டிப்ளமோ முடிச்சுட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மில்லிங் மெஷின்) ஓட்டுறான், கை சுத்தம், ரிஜெக்‌ஷனே வராது. கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டுட்டு வந்து நின்னான், கன்னிச்சாமி. யூனிஃபார்ம் போட்டுக்குறேன்னுட்டான், மாலையை சட்டைக்குள்ள விட்டு மேல் பட்டன் வரைக்கும் போடுன்னேன், அதுக்கும் சரி. தாடி வளக்குறதுக்கு எங்க ஷாப்ல யாரும் எதுவும் சொல்றதில்ல. ஆனா கால்ல மட்டும் எதுவும் போட மாட்டேன்னு பிடிவாதமா நிக்குறான். கேட்லயே செக்யூரிட்டி நிறுத்திட்டாரு. ரெண்டு நாள் லீவு போட்டான், மூணாவது நாள் வந்து "சாமி, ஸ்டோர்லயோ ஆபீஸ்லயோ ஏதாச்சும் வேலை குடுங்க"ங்குறான். மகர ஜோதிக்கு தான் மலைக்கு போறானாம், அப்படின்னா ஜனவரி 14 வரைக்கும், கிட்டத்தட்ட 60 நாள். 60 நாளைக்கு ஸ்டோர்ல உக்கார வச்சா அந்த மெஷினை யாரு ஓட்டுறது?

எங்க ஃப்ளோர் எப்படின்னா கூலன்ட் சிந்தி எப்பவும் ஒரு வழவழப்பு இருக்கும், சிப்ஸ், அதான் உலோகச் சீவல், கூட்ட கூட்ட விழுந்துட்டே இருக்கும். போன மாசம் தான் 11 கிலோ வைஸ் ஜா (பார்ட்டை இறுக்கிப் பிடிக்குற இரும்புத் தாடை) ஒண்ணு கை நழுவி ஒருத்தர் கால் மேலயே விழுந்துச்சு, ஷூ தோல் கிழிஞ்சு உள்ள இருந்த இரும்பு கேப் வெளிய தெரிஞ்சுது, மனுஷனுக்கு நகம் கூட கறுக்கல. அந்த கிழிஞ்ச ஷூவை நான் தூக்கிப் போடல, என் டேபிளுக்கு கீழ தான் வச்சிருக்கேன்.

பிளான்ட் ஹெட் மெமோ குடுங்குறாரு. யூனியன் ஆளு ஒருத்தர் சாமி விஷயத்துல கை வைக்காதீங்கங்குறாரு. இன்னொருத்தன் டீ டைம்ல "வெள்ளிக்கிழமை பாய்க்கு மட்டும் பள்ளிவாசல் போக விடுறீங்கல்ல"ன்னு ஆரம்பிச்சுட்டான். எங்க அம்மா வருஷா வருஷம் மேல்மருவத்தூருக்கு செவ்வாடை கட்டிக்கிட்டு இருமுடி எடுக்குறவங்க, அதனால விரதத்தை நக்கல் பண்ற ஆளு நான் இல்ல. அனுபவப்பட்டவங்க யாராச்சும் சொல்லுங்க.

____

நட்டு_போல்ட்டு:

இதுல யோசிக்க என்ன இருக்கு ப்ரோ, மெமோ தான். ஓடுற மெஷின் கிட்ட போறவன் இறுக்கமான உடுப்பு தான் போடணும்னு 1948 ஃபாக்டரி சட்டத்துல 22வது பிரிவுலயே இருந்துச்சு, இப்ப புது லேபர் கோடு வந்துருச்சே, அதுல என்ன இருக்குன்னு வேற எவனாச்சும் கேப்பான், எந்த கோடா இருந்தா சுத்துற ஸ்பிண்டிலுக்கு என்ன. நாளைக்கு அவன் கால்ல ஏதாச்சும் விழுந்தா "அவர் தான் சாமி விஷயம்னு விட்டாரு"ன்னு உங்க பேரை தான் எழுதுவாங்க.

____

தாம்பரம்_தமிழ்:

சர்தார்ஜிங்க டர்பன் கட்டியிருந்தா ஹெல்மெட் வேணாம்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 129வது பிரிவே சொல்லுது, அப்ப அவங்க தலைக்கு ஒரு நியாயம் நம்ம காலுக்கு ஒரு நியாயமா? சும்மா கேட்டேன், சண்டைக்கு வராதீங்க.

____

நட்டு_போல்ட்டு:

அது பார்லிமென்ட்ல போட்ட விலக்கு சார், இங்க கேக்குறது ஒரு லைன் இன்சார்ஜ் கிட்ட. அவருக்கு அந்த பவர் எங்க இருக்கு?

____

கணபதி_டர்னர் (கோவை):

தம்பி, 31 வருஷம் லேத் ஓட்டிட்டு ரிட்டயர் ஆனவன். 18 மலை முடிச்சு தென்னங்கன்னு எடுத்துட்டுப் போயாச்சு, இப்ப எங்க ஏரியால ஒரு 40 பேருக்கு குருசாமியா இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் எனக்கு தெரியும்.

என் கதையை சொல்றேன். அந்தக் காலத்துல எங்க பட்டறைல ஷூவெல்லாம் கிடையாது, மாலை போட்டா வெறுங்கால் தான், முதலாளியும் மாலை போட்டிருப்பாரு, கேக்க ஆளில்ல. என் ஆறாவது மலை வருஷம், இரும்பு ஷாஃப்ட் ஒண்ணை லேத்துல கடைஞ்சுட்டு இருக்கேன், சீவல் நீல கலர்ல சூடா சுருள் சுருளா வருமே, அது மேல காலை வச்சுட்டேன், உள்ளங்கால்ல ரெண்டு இன்ச் கிழிச்சு விட்டுருச்சு. மஞ்சளை அப்பிக்கிட்டு மலைக்கு போனேன். நீலிமலை ஏத்தத்துல காலை ஊணவே முடியல, கடைசில நாலு பேர் என்னை டோலில வச்சு தூக்கிட்டுப் போனாங்க. 28 வயசு ஆம்பள, கிழவிங்க எல்லாம் நடந்து ஏறுறாங்க, நான் டோலில உக்காந்து போறேன். இருமுடியை மடில வச்சுக்கிட்டு தலையை குனிஞ்சவன் தான், சரங்குத்தி வரைக்கும் நிமிரவே இல்ல.

அதுக்கப்புறம் என் கிட்ட மாலை போடுறவங்க கிட்ட முதல்லயே என்ன வேலைன்னு கேட்டுருவேன். கரண்ட் வேலை, வெல்டிங், மெஷின் வேலை பாக்குறவனுக்கு வேலை நேரத்துல ஷூ போட்டுக்கோ, வாசல்ல கழட்டு, ராத்திரி குளிச்சுட்டு சரணம் சொல்லுன்னு சொல்லித் தான் போடுவேன். எல்லா குருசாமியும் இப்படி சொல்ல மாட்டாங்க, ஸ்ட்ரிக்டான ஆளுங்களும் உண்டு, அது அவங்கவங்க வழி.

இப்ப நீங்க என்ன பண்ணணும்னா, அவனுக்கு எது ஆகாதுன்னு உக்கார வச்சு கேளுங்க. ஷூவே ஆகாதா, இல்ல தோல் ஆகாதா? பாதிப் பேருக்கு தோல் தான் பிரச்சனை, அதை சொல்லத் தெரியாம மொத்தமா மாட்டேங்குறாங்க. மைக்ரோஃபைபர் மேல்பாகம் வச்ச சேஃப்டி ஷூ வருது, டோ கேப்பும் இரும்புக்கு பதிலா காம்போசிட், அதே ஐஎஸ் 15298 முத்திரை, அதே 200 ஜூல் அடி தாங்கும். புதுசா ஒரு ஜோடி எடுத்து அவனுக்கு மட்டும்னு குடுங்க, வேற ஒருத்தன் போட்டதை குடுக்காதீங்க. அப்புறம் அவனோட குருசாமி நம்பரை வாங்கி பேசுங்க, உங்க மெமோவை விட அவர் வாய் வார்த்தை சீக்கிரம் வேலை செய்யும்.

____

ஃபோர்ஜிங்_பாய்:

அந்த "பாய்க்கு மட்டும் விடுறீங்க"ன்னு சொன்ன நண்பருக்காக. நானும் வெள்ளிக்கிழமை ஜும்மா போறவன் தான். லஞ்ச் அரை மணி நேரத்தை சேத்துக்கிட்டு போவேன், மிச்சத்தை ஷிஃப்ட் முடிஞ்சு நின்னு ஈடு கட்டிட்டு தான் பஸ் ஏறுவேன், அதை யாரும் பாக்குறதில்ல, போறதை மட்டும் பாப்பாங்க. தீபாவளி பொங்கலுக்கு பிரேக்டவுன் டியூட்டி எத்தனை வருஷமா என் பேர்ல இருக்குன்னும் கேளுங்க.

ஆனா நட்டு போல்ட்டு சொல்றதும் பாதி சரி, ஏன்னா எனக்கும் ஒரு தடவை ஆச்சு. எங்க ஷாப்ல பில்லெட் (பழுக்கக் காய்ச்சின இரும்புக் கட்டி) 1200 டிகிரில வெளிய வரும், ரமலான்ல மத்தியானம் ரெண்டு மணி ஷிஃப்ட் போட்டாங்க, நான் யார் கிட்டயும் சொல்லாம வீம்புக்கு நோன்போட நின்னேன், அஞ்சரைக்கு கண்ணு இருட்டி சாஞ்சுட்டேன், நல்லவேளை பின்னாடி சாஞ்சேன். எங்க பள்ளிவாசல் ஹஸ்ரத் கேட்டுட்டு திட்டு திட்டுன்னு திட்டினாரு, உடம்பு முடியலேன்னா விட்டுட்டு அப்புறமா களா (விட்ட நோன்புக்கு ஈடு) பிடிக்கலாம்னு மார்க்கமே சொல்லுது, உன்னை யாரு செத்துப் போகச் சொன்னான்னு. இப்பல்லாம் ரமலானுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே சூப்பர்வைசர் கிட்ட போய் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு மாத்திக்குவேன், மாத்தி விடுறவர் மாலை போட்டு மலைக்கு போற மனுஷன் தான், அவர் போகும்போது அவர் ஷிஃப்டை நான் பாப்பேன். இந்த மாதிரி மாத்திக்க உங்க லைன்ல எழுதாத ஒரு ஏற்பாடு இருந்தா டீ டைம் பேச்சு தன்னால அடங்கும்.

____

சோழிங்கநல்லூர்_எச்ஆர்:

நீங்க எல்லாம் ஷூவுல நிக்குறீங்க, எங்க ஐடி பக்கம் கதையே வேற. ஆயுத பூஜைக்கு சாம்பிராணி போட்டு ஸ்மோக் டிடெக்டர் கத்தி ஆறு மாடி ஜனமும் கீழ இறங்கி நின்னது ஒரு வருஷம், பொரி கடலை பாக்கெட்டோட பார்க்கிங்ல நின்னோம். அது சிரிச்சுட்டு போற விஷயம். சிரிக்க முடியாதது என்னன்னா இப்ப கம்பெனியே நடத்துற தியான வகுப்பு. மன அழுத்தம் குறையும்னு வெளிய இருந்து ஆளைக் கூட்டிட்டு வந்து கண்ணை மூடி மந்திரம் சொல்ல வைக்குறாங்க, அட்டெண்டன்ஸ் வேற எடுக்குறாங்க, அது அப்ரைசல் வரைக்கும் போகுது. ஒரு பெந்தெகொஸ்தே பொண்ணு என் கிட்ட வந்து "மேடம், நான் மூச்சுப் பயிற்சி பண்றேன், மந்திரம் மட்டும் சொல்லல, பரவாயில்லையா"ன்னு கெஞ்சுச்சு. அது எதுக்குங்க கெஞ்சணும்? உங்க பையன் தன் விரதத்துக்கு கேக்குறான், இல்லேன்னாவது சொல்லலாம், கம்பெனியே கூப்பிட்டா யாரு இல்லேன்னு சொல்றது. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. மெமோ வேண்டாம், பேசினதை ஒரு தாள்ல எழுதி அவன் கையெழுத்தும் உங்க கையெழுத்தும் போட்டு வச்சுக்கோங்க.

____

ஜீப்பு_டிரைவர்:

அரசு ஆபீஸ்கள்ல சாமி படம் வைக்கக்கூடாதுன்னு 1968ல, அண்ணா முதல்வரா இருந்தப்பவே சுற்றறிக்கை வந்துருச்சு. எங்க ஆபீஸ் ஜீப்பு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நாலு எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு தான் கிளம்புது. நான் வேற ஒண்ணும் சொல்லல.

____

ஒரகடம்_லைன்_இன்சார்ஜ்:

எல்லாருக்கும் நன்றி, நாலு நாள் கழிச்சு எழுதுறேன். டர்னர் அய்யா சொன்ன மாதிரி கேட்டேன், முதல்ல ஷூவே ஆகாதுன்னான், கிழிஞ்ச ஷூவை எடுத்து டேபிள் மேல வச்சேன், ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு "தோலு வேணாம் சாமி"ன்னான். குருசாமி திருவள்ளூர்க்காரர், ஃபோன்ல பேசினாரு, லைனுக்குள்ள மட்டும் போட்டுக்கட்டும், கேன்டீனுக்கு வெறுங்காலா தான் போகணும்னாரு. மைக்ரோஃபைபர் ஷூ 8ஆம் நம்பர் ஸ்டோர்ல இல்ல, பர்ச்சேஸ்ல நான் நச்சரிச்சு மூணு நாள்ல வந்துச்சு. நேத்துல இருந்து மெஷின்ல நிக்குறான். லைன் வாசல்ல மஞ்சள் கோட்டுக்கு பக்கத்துல ஒரு சின்ன ரேக் வச்சு குடுத்திருக்கேன், கோட்டுக்கு இந்தப் பக்கம் கழட்டி வச்சுட்டு போறான். பிளான்ட் ஹெட் ரேக்கை பாத்தாரு, ஒண்ணும் கேக்கல.

பாய் சொன்ன ஷிஃப்ட் மாத்துற விஷயம் இன்னும் பேசல, டீ டைம் பேச்சு அப்படியே தான் ஓடுது. அதை விட அவசரம் ஒண்ணு இருக்கு, புதன்கிழமை கேன்டீன்ல கோழிக் குழம்பு, பரிமாறுறவர் அதே கரண்டியை சாம்பார்லயும் விட்டுட்டாராம், பையன் அன்னிக்கு பட்டினி. கேன்டீன் கான்ட்ராக்டர் கிட்ட தனிப் பாத்திரம் கேட்டு வாங்கின அனுபவம் யாருக்காச்சும் இருக்கா?