அதிர்விலிருந்து கருவியைக் காக்கும் சுருள்வில் அமைப்பு: தமிழ்ப் பெயர் வேண்டும்

சூரமங்கலத்திலிருந்து, பாடம் எழுதும் ஆசிரியை:

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான இயந்திர அதிர்வுப் பாடத்தைத் தமிழில் எழுதி வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை கைப்படியை அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும். மற்ற சொற்களெல்லாம் அமைந்துவிட்டன. ஒரு சொல் மட்டும் பாடத்தை நகரவிடாமல் நிற்கிறது. இயந்திரத்துக்கும் தரைக்கும் நடுவிலோ, நுண்கருவிக்கும் அது அமர்ந்திருக்கும் சட்டத்துக்கும் நடுவிலோ வைக்கும் சுருள்வில் அமைப்பைப் பட்டறைகளில் ‘ஸ்பிரிங் மவுண்ட்’ என்கிறார்கள். கைவசம் உள்ள குறிப்பேடுகளில் அதற்கு ‘அதிர்வுத் தாங்கி’, ‘அதிர்வு உறிஞ்சி’, ‘அதிர்வுத் தணிப்பி’ என்று மூன்று பெயர்கள் கலந்து கிடக்கின்றன. மூன்றையும் ஏற்க எனக்கு மனமில்லை.

‘தாங்கி’ என்ற சொல்லை இரண்டு பாடங்களுக்கு முன்பே பேரிங்குக்குக் கொடுத்துவிட்டோம். ‘உறிஞ்சி’ என்பது வேறொரு கருவி. இயந்திரத்தோடு ஒரு சிறு நிறையையும் வில்லையும் சேர்த்துக் கட்டி, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் அந்தச் சிறு நிறை ஆட, இயந்திரம் அடங்கி நிற்கும்படி செய்யும் அமைப்புக்கு அந்தப் பெயரை ஒதுக்கியிருக்கிறேன். ‘தணிப்பி’ என்பதுதான் மூன்றிலும் பெரிய கேடு. தணிப்பு என்பது அதிர்வின் ஆற்றலை உராய்வாலோ எண்ணெயின் பிசுக்காலோ வெப்பமாக மாற்றிக் கரைப்பது. எஃகுச் சுருள்வில்லில் அந்தக் குணம் மிகச் சிறிதளவே உண்டு. அது ஆற்றலை வாங்கி வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிறதே தவிர அழிப்பதில்லை. அதுமட்டுமன்று: இயந்திரம் ஓடும் அதிர்வெண், வில்லின் மேல் அது தானாக ஆடும் இயல் அதிர்வெண்ணைப் போல் 1.41 மடங்கைத் தாண்டிவிட்டால், தணிப்பைக் கூட்டக் கூட்ட அடித்தளத்துக்குக் கடத்தப்படும் விசையும் கூடுகிறது. பெயரிலேயே தணிப்பு என்று எழுதிவிட்டு, தணிப்பைக் குறைவாக வை என்று பாடத்தில் சொன்னால், மாணவர் எதை நம்புவார்? பிழையாகக் கற்பிக்கும் தமிழ்ச்சொல்லைவிட ஒன்றும் கற்பிக்காத ஆங்கிலச்சொல்லே மேல் என்பது என் கருத்து. ஆனால் சரியாகக் கற்பிக்கும் தமிழ்ச்சொல் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அன்புள்ள அம்மா, தாங்கள் தேடும் பொருள் நம் அடுக்களையில் பல தலைமுறைகளாக இருந்து வந்தது. உருண்டை அடியுள்ள பானை சாயாமல் நிற்க, வைக்கோலை முறுக்கி வளையமாகச் சுற்றி அதன்மேல் பானையை அமர்த்துவார்கள். அதற்குப் பெயர் புரிமணை, பேச்சில் பிரிமணை. ‘புரி’ என்பது முறுக்கு, சுருள் என்று பொருள்படும். வலம்புரி, முப்புரி, வைக்கோற்புரி ஆகிய அனைத்திலும் அந்தப் பொருளே நிற்கிறது. ‘மணை’ என்பது ஒன்று அமரும் தாழ்ந்த இருக்கை. ஆகவே புரிமணை என்றால் சுருளால் ஆன இருக்கை என்றாகிறது. எழுத்துக்கு எழுத்து தாங்கள் கேட்ட பொருள் இதுவே. புதிதாக ஒன்றையும் ஆக்க வேண்டியதில்லை. இருப்பதை எடுத்துப் புழங்கினால் போதும்.

இதன் உடன்பிறப்பாகச் சும்மாட்டையும் கருத வேண்டும். அதன் பழைய வடிவம் சுமடு. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கச் செல்லும் ஆய்மகள் மோர்ப்பானையைப் ‘பூஞ்சுமட்டு இரீஇ’, அதாவது மெல்லிய சும்மாட்டின்மேல் இருத்திக்கொண்டு நடக்கிறாள். சுமை, சுமடு, சுமத்தல் ஆகியவை ஒரே வேரில் கிளைத்தவை. நடையின் அசைவு பானையைச் சென்று சேராமல் இடையில் ஒன்றை வைக்கும் அறிவு நம் மொழியில் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெயரோடு இருக்கிறது என்பதை மாணவர்கள் அறிய வேண்டாமா? ‘மணை’யின் வேரை ‘மன்னுதல்’ என்பதோடும், நிலைத்து வாழும் இடமாகிய ‘மனை’யோடும் இணைத்துப் பார்க்க இடமுண்டு, ணகர னகர வேறுபாடு அதற்குத் தடையாகுமா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மேட்டூரிலிருந்து, ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர்:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மணை என்பதை இரு கைகளாலும் வரவேற்கிறேன். புரி என்பதில்தான் தயக்கம். திருகாணியின் மரையைப் புரி என்று எழுதும் வழக்கம் பாடநூல்களில் முன்பே உள்ளது. தவிரவும், இந்த வேலையைச் சுருள்வில் மட்டும் செய்வதில்லை. ரப்பரும் செய்கிறது, எஃகு வடத்தைச் சுருட்டிச் செய்த அமைப்பும் செய்கிறது, காற்று அடைத்த பையும் செய்கிறது. ஆகையால் முதலில் பொதுப்பெயர் வேண்டும். அதன்கீழ் வகைப்பெயர்கள் வர வேண்டும்.

நேற்று வந்த ஒரு மடலில் ‘அதிர்வுத் தடுப்பான்’ என்ற சொல்லைப் பார்த்தேன். அது கூடாது என்பதற்கு ஒரு கணக்கைத் தருகிறேன். ஒரு விசிறி நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடுகிறது. அதாவது நொடிக்கு 24. சட்டத்தோடு சேர்த்து அதன் நிறை 120 கிலோகிராம், நான்கு மணைகள், ஒவ்வொன்றின் மேலும் 30 கிலோகிராம். இயல் அதிர்வெண்ணை 8 ஹெர்ட்ஸாக, அதாவது நொடிக்கு 8 ஆட்டமாக, வைத்தால் விகிதம் மூன்றாகிறது. அப்போது, தணிப்பைப் புறக்கணித்தால், அதிர்வு விசையில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே தரைக்குப் போகும். அந்த 8 ஹெர்ட்ஸுக்குப் பாரத்தின்கீழ் வில் ஏறத்தாழ 3.9 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். ஒவ்வொரு வில்லின் விறைப்பும் மில்லிமீட்டருக்குச் சுமார் 76 நியூட்டன் என்று வருகிறது. இனி, வில்லுக்குப் பதிலாக ஒரு மெல்லிய ரப்பர்த் தகட்டைப் போட்டு, அது 0.43 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்குகிறது என்று கொள்ளுங்கள். இயல் அதிர்வெண் சரியாக 24 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். இரண்டு அதிர்வெண்ணும் ஒன்றி ஆட்டம் பெருகும் ஒத்ததிர்வு எழுந்து, எதுவும் போடாமல் விட்டிருந்தால் போயிருக்கும் விசையைவிடப் பல மடங்கு தரைக்குப் போகும். அந்தத் தகட்டையும் தடுப்பான் என்றுதானே மாணவர் அழைப்பார்?

வெப்பக்காப்பு, மின்காப்பு என்ற சொற்கள் நன்றாக வேர்விட்டுவிட்டன. காப்பு என்றால் அளவுக்கு ஏற்ற காப்பு, குறைவான காப்பு, பயனற்ற காப்பு என்றெல்லாம் பேச முடிகிறது. தடுப்பு என்ற சொல்லில் அந்த நெகிழ்வு இல்லை. எனவே ‘அதிர்வுக்காப்பு மணை’ என்று முன்மொழிகிறேன். வகைப்பெயர்கள் சுருள்மணை, ரப்பர் மணை, வடமணை என்று தாமாகவே அமையும்.

ஆத்தூரிலிருந்து, பட்டறை உரிமையாளர்:

பெரியவர்களுக்கு வணக்கம். நான் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு மாவு சலிக்கும் அதிர்சல்லடை செய்து கொடுப்பவன். சல்லடை நன்றாக அதிர வேண்டும், ஆனால் கட்டடம் அதிரக் கூடாது என்பதற்காகவே வில் வைக்கிறோம். காப்பு என்றால் எதற்குக் காப்பு என்ற கேள்வி என் ஆட்களுக்கு எழும். கருவியைத் தரையின் அதிர்விலிருந்து காப்பதும், தரையை இயந்திரத்தின் அதிர்விலிருந்து காப்பதும் ஒரே வில்தான் என்பதைப் பாடத்தில் தெளிவாக எழுதிவிட்டால் அந்த ஐயம் தீரும்.

என் பெரிய கவலை வேறு. இங்கே படித்துவிட்டு வரும் பிள்ளைகள் கடையில் போய்ச் சுருள்மணை என்று கேட்டால் கடைக்காரர் என்ன எடுத்துக் கொடுப்பார்? ‘ஸ்பிரிங் மவுண்ட்’ என்று தமிழ் எழுத்தில் எழுதினால் யாருக்கும் இழப்பில்லை. தூய தமிழில் எழுதிய பெயர்ப்பட்டியல் ஒன்று ஒருமுறை எங்களிடம் வந்தது. அதை ஆங்கிலத்தில் மாற்றி எழுதிய பிறகுதான் வேலை நடந்தது.

இன்னொன்றையும் பாடத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உயரமான, ஒல்லியான வில்லை மணைக்குப் பயன்படுத்தக் கூடாது. பக்கவாட்டில் வளைந்து சரிந்துவிடும். பாரத்தோடு நிற்கும் உயரத்தில் குறைந்தது பத்தில் எட்டுப் பங்காவது வில்லின் வெளிவிட்டம் இருக்க வேண்டும். பாரத்தால் அமுங்கிய அளவில் பாதியேனும் மேற்கொண்டு அமுங்க இடம் விட்டிருக்க வேண்டும். வில்லின் அடியில் ஒரு ரப்பர்த் துண்டு வைக்காவிட்டால், நுண்ணிய இரைச்சல் கம்பி வழியாகவே கீழே இறங்கும். பெயர் எதுவானாலும் இந்த மூன்றும் மாணவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

சூரமங்கலத்திலிருந்து, ஆசிரியை:

பட்டறை ஐயா சொன்ன மூன்றையும் அப்படியே பாடத்தில் சேர்க்கிறேன். கடைக்காரருக்குப் புரியுமா என்ற கேள்வி நியாயமானது. ஆயினும் அது இன்று பிறந்த கேள்வியன்று. இதே சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராசாசி 1916-இல் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கத்தை அமைத்தார். அதே 1916-இல்தான் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். எளிமையா தூய்மையா என்ற வழக்கு அன்றே கூண்டேறிவிட்டது. மின்சாரம், வெப்பநிலை, அழுத்தம் என்று கடைக்காரர் இன்று தயங்காமல் பேசுவது, யாரோ ஒருவர் அவற்றை வகுப்பில் சொல்லத் துணிந்ததால்தான்.

எனக்கு இப்போது எழுந்துள்ள சிக்கல் ‘அதிர்வு’ என்ற முற்பகுதி. இந்த மணை தொடர்ந்த அதிர்வை மட்டுமன்றி, திடீரென வரும் அதிர்ச்சியையும் எதிர்கொள்கிறது. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி லாரியில் போகும் ஓர் அளவுகருவி, இறக்கும்போது 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பெட்டியோடு விழுகிறது என்று வையுங்கள். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். பெட்டிக்குள் கருவியைத் தாங்கும் மணையின் இயல் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் என்றால், கருவி ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 13 மடங்கை உணரும். வில் 32 மில்லிமீட்டர் அளவுக்கு ஓட இடம் வேண்டும். 5 ஹெர்ட்ஸ் என்றால் முடுக்கம் பாதியாகக் குறையும். ஆனால் வில் ஓடுவதற்கு 63 மில்லிமீட்டர் தேவைப்படும். அந்த இடம் பெட்டிக்குள் இல்லாவிட்டால் வில் முழுதாக அமுங்கிக் கம்பியும் கம்பியும் மோதி, வில்லே இல்லாதது போன்ற அடி கருவியில் விழும். இது அதிர்வன்று, ஒரே ஓர் அடி. ‘அதிர்வுக்காப்பு’ என்ற பெயர் இதை வெளியே நிறுத்திவிடுகிறதே.

ஏற்காட்டிலிருந்து, பேராசிரியர்:

அம்மா, அதற்கு வழி இருக்கிறது. அதிர்வு, அதிர்ச்சி இரண்டுக்கும் பகுதி ‘அதிர்’. அடி, இடி, உதை என்பவை விகுதி ஏற்காமலே தொழிற்பெயராக நிற்பதுபோல ‘அதிர்’ என்பதையும் முதனிலைத் தொழிற்பெயராகக் கொள்ளலாம். ஆனால் ‘அதிர்காப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். அது வினைத்தொகை, ‘அதிரும் காப்பு’ என்று பொருள் தரும். காப்பே அதிர்கிறது என்றாகிவிடும். பெயராகக் கொண்டால் நான்காம் வேற்றுமைத் தொகையாகி, ரகர ஒற்றின்முன் வல்லினம் மிகும். நன்னூல் ‘யரழ முன்னர்க் கசதப’ என்று தொடங்கிக் கூறும் விதி இதுவே. தேர்க்கால், ஏர்க்கால் என்பன போல. ஆகவே ‘அதிர்க்காப்பு மணை’. அந்த ஒரு ககர ஒற்றே பொருளைத் திருத்துகிறது.

வகைப்பெயரில் மட்டும் என் கோரிக்கையை விடமாட்டேன். ‘சுருள்மணை’ இன்று ஆக்கியது. ‘புரிமணை’ வழிவழியாக வந்தது. திருகாணியில் மரை என்ற சொல் பட்டறைகளில் உறுதியாக ஊன்றியிருப்பதால், புரியை அங்கிருந்து விடுவித்து இங்கே அமர்த்துவதில் யாருக்கும் குறைவராது.

ஆத்தூரிலிருந்து, பட்டறை உரிமையாளர்:

ஐயா, இலக்கணம் சரியாகவே இருக்கும். ஆனால் பொருள் முழுவதும் ஓர் ஒற்றில் தொங்கும் சொல் கைமாறும்போது பிழைக்காது. அச்சுக் கோப்பவர் அதை விடுவார், பெயர்ப்பலகை எழுதுபவர் விடுவார், மாணவர் தேர்வில் விடுவார். ஏரிக்காடு என்பதையே ஏற்காடு என்று தேய்த்துவிட்ட ஊர் நம்முடையது. விட்டாலும் பொருள் கெடாத சொல்லே பட்டறைக்கு வேண்டும்.

மேட்டூரிலிருந்து, பொறியாளர்:

இரு பக்கமும் நியாயம் உண்டு. இருப்பினும் அதிர்ச்சியையும் சேர்த்து ஏந்தும் சொல் வேண்டும் என்ற அம்மாவின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. அதிர்வுக்கு நல்ல மணையும் அதிர்ச்சிக்கு நல்ல மணையும் எப்போதும் ஒன்றல்ல. மென்மையான வில் அதிர்வைக் குறைக்கும், ஆனால் அடி விழும்போது ஓட இடமின்றி முட்டும். அதற்காகவே தனியே ரப்பர் முட்டுக்கட்டைகள் வைக்கிறோம். வடிவமைப்பவர் இரண்டையும் ஒருசேர எண்ண வேண்டும் என்றால் பெயரும் இரண்டையும் ஒருசேரச் சொல்ல வேண்டும். என் வாக்கு ‘அதிர்க்காப்பு மணை’க்கு. என் ‘அதிர்வுக்காப்பு’ என்ற முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.

சூரமங்கலத்திலிருந்து, ஆசிரியை:

இதுவரை மடல் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘அதிர்க்காப்பு மணை’ என்பதை ஏற்றிருப்பதால் பொதுப்பெயராக அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். முதன்முறை வரும் இடத்தில் ‘பட்டறை வழக்கில் ஸ்பிரிங் மவுண்ட்’ என்ற விளக்கமும் இருக்கும். வகைப்பெயராகச் ‘சுருள்மணை’ என்று எழுதியிருக்கிறேன். சுருள்வில் என்ற சொல்லை மாணவர்கள் பள்ளியிலிருந்தே அறிந்து வருவதால் இந்த முடிவு. பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து, பேராசிரியர்:

பொறுத்துக்கொள்கிறேன், உடன்படவில்லை. சுருள்வில்லில் உள்ள ‘வில்’ கைவிடப்பட்டுச் ‘சுருள்’ மட்டும் நிற்கும்போது, அது கம்பிச்சுருளா, ரப்பர்ச் சுருளா, வடச்சுருளா என்பது விளங்காது. மேட்டூர்ப் பொறியாளர் தனியே பிரித்த வடமணையும் ஒரு சுருளே. மறுபதிப்பு வருமானால் புரிமணையை மீண்டும் கருத வேண்டும் என்ற என் மறுப்பைக் குழுவின் பதிவில் வைக்கக் கோருகிறேன். ணகர னகரம் பற்றிய மடல் நாளை வரும்.