பழைய இரண்டு மாடிக் கட்டடத்தைக் கைபேசி, கணினி விற்பனை நிலையத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: உவர்மலைப் பேத்தி

திருகோணமலை நகரில், கடைத்தெருவிலிருந்து துறைமுகப் பக்கம் செல்லும் வீதியொன்றில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கப்பல்களுக்குச் சாமான் வழங்கும் வணிகத்துக்காகப் பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்டது. அப்பப்பாவின் தகப்பனார் அதனை வாங்கியபோது கீழே பண்டசாலையும் மேலே குடியிருப்பும் இருந்தனவாம். வீதியைப் பார்த்தபடி ஐந்து வளைவுகளுடன் முன் விறாந்தை, கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய இரண்டு அடிக்குக் குறையாத சுவர்கள், சதுரச் செங்கல் ஓடு பதித்த தரை, மேல்மாடிக்குப் பலகைத் தளம், அதைத் தாங்கும் தடித்த தீராந்திகள் என்று ஏறக்குறைய எல்லாமே ஆரம்பத்தில் இருந்தபடியே இருக்கின்றன. கூரை மட்டும் பல இடங்களில் ஒழுகுகிறது. மாரி தொடங்கினால் மேல்மாடியில் வாளி வைக்க வேண்டிய நிலை.

இப்போது ஒரு நிறுவனம் கைபேசி, மடிக்கணினி விற்பனைக்கும் பழுதுபார்ப்புக்கும் அக்கட்டடத்தைப் பதினைந்து ஆண்டுக் குத்தகைக்குக் கேட்கிறது. கூரையைத் தாங்களே திருத்துவதாகச் சொல்கிறார்கள். வாடகையும் நாங்கள் எதிர்பார்த்ததை விட அதிகம். ஆனால் அவர்கள் காட்டிய வரைபடத்தில் வளைவுகள் ஐந்தும் கண்ணாடியால் அடைக்கப்பட்டிருக்கின்றன. நடுச்சுவர் இடிக்கப்பட்டு ஒரே மண்டபமாகிறது, பழைய தரைக்கு மேல் மாபிள் பதிக்கப்படுகிறது, தீராந்திகள் தெரியாதபடி பொய்க்கூரை வருகிறது. முகப்பின் மேற்பாதி முழுவதையும் ஒரு மின்திரை மூடுகிறது. வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பாமார் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்கள்; அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. எதற்குச் சம்மதிக்கலாம், எதை மறுக்க வேண்டும், அதை எவ்வாறு எழுத்தில் கொண்டுவருவது என்று இத்துறை தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பாலையூற்று ஆசிரியர்

மகள், உங்கள் அப்பாவின் தயக்கத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரிய தொழினுட்ப நிறுவனங்கள் நகரத்தின் நல்ல கட்டடங்களையே தேடி வருவதற்குக் காரணம் உண்டு. கட்டடத்துக்கு நூறு ஆண்டுகளில் சேர்ந்த மதிப்பு, வந்த அன்றே கடையின் மதிப்பாகிவிடுகிறது. அப்பிள் நிறுவனம் 2017இல் தன் கடைகளை நகரச் சதுக்கங்கள் என்று அழைக்கத் தொடங்கியது. மெல்பேர்ணில் உண்மையான நகரச் சதுக்கத்துக்குள்ளேயே கடை கட்டத் திட்டமிட்டபோது மக்கள் எதிர்த்தார்கள். 2019இல் விக்டோரியா மாநில மரபுரிமை அமைப்பு அனுமதி மறுத்தது. ஸ்டொக்ஹோமில் அரச பூங்காவின் ஓரத்தில் கடை வைக்கும் திட்டத்தை 2018இல் புதிதாகப் பதவியேற்ற நகர நிர்வாகம் கைவிட்டது. வாஷிங்டனில் அமெரிக்கச் செல்வந்தர் காணெகியின் கொடையால் 1903இல் திறக்கப்பட்ட பொது நூலகம், நிற வேற்றுமை பாராட்டாமல் தொடக்கம் முதலே எல்லோரையும் ஒரே மண்டபத்தில் அமர்த்திய கட்டடம், 2019 மே மாதம் முதல் அப்பிள் கடை. திருத்த வேலை அழகாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் புத்தகம் படிக்க வந்தவன் நடந்த இடத்தில் இன்று பொருள் வாங்க வருபவன் நடக்கிறான்.

நம் நகரிலும் கடைத்தெருவின் பழைய முகப்புகள் ஒவ்வொன்றாகப் பிளாத்திக்குப் பலகைகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருக்கின்றன. உங்களுடையதும் அவ்வரிசையில் சேர வேண்டுமா?

பதில்: சாந்துக்கரண்டி

ஆசிரியர் ஐயா சொன்னவை பொது இடங்களுக்குப் பொருந்தும். இது தொடக்கத்திலிருந்தே வணிகக் கட்டடம். கயிறும் தார் எண்ணெயும் விற்ற இடத்தில் கைபேசி விற்பதால் அதன் இயல்பு மாறிவிடாது. பூட்டிக் கிடந்து ஒழுகும் கூரை அதற்கு விற்பனையை விடப் பெரிய பகை. பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் இதையே சொல்கிறது: சமூகத்துக்குப் பயன்படும் வேலையொன்றுக்கு விடுவது பழைய கட்டடத்தைக் காப்பாற்ற உதவும், ஆனால் அதற்காகக் கட்டடத்தின் அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றக்கூடாது. ஆகவே, நாளை கழற்றி எடுத்தால் பழைய கட்டடம் காயமில்லாமல் மிஞ்சுமா என்ற ஒரே கேள்வியை அந்த வரைபடத்திலுள்ள ஒவ்வொன்றுக்கும் போட்டுப் பாருங்கள்.

நான் கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் சுவரிலிருந்து தொடங்குகிறேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; உறிஞ்சிய ஈரத்தை மேற்பரப்பு வழியாக ஆவியாக வெளியே விடும். திருகோணமலையில் நிலத்தடி ஈரத்தோடு கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. அந்தச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சு அடித்தாலோ, நீர் புகாத பெயின்ற் பூசினாலோ ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாக வளர்ந்து, ஓரிரு மாரிக்குள் பூச்சைத் தகடு தகடாகத் தள்ளிவிடும். கையால் தட்டினால் பொள்ளல் ஓசை கேட்கும். பூச்சை உரித்தால் பின்னாலுள்ள கல்லும் பழைய சாந்தும் மாவாக உதிரும். வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே கரைவதால் உரிமையாளருக்கு இது தாமதமாகத்தான் தெரியவரும். எனவே சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் தவிர வேறெதுவும் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக்குங்கள்.

மாபிள் தரையும் இதே காரணத்தால்தான் ஆபத்து. செங்கல் ஓட்டின் வழியாக இப்போது மெதுவாக வெளியேறும் நில ஈரத்தை மாபிளும் அதன் அடியிலுள்ள சீமெந்துப் படுகையும் அடைத்துவிட்டால், அந்த ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து சுவரின் அடிப்பாகத்தில் ஏறும். மாபிளைப் பிறகு கழற்றவும் முடியாது. கூடவே செங்கல் ஓடும் உடைந்து வரும். அவர்களுக்குச் சமமான தரை வேண்டுமென்றால், சிறு கால்களின் மேல் நிற்கும் உயர்த்திய தளம் ஒன்றைத் தரையில் ஆணி அடிக்காமல் வைக்கட்டும். கடையின் மின்கம்பி, இணையக் கம்பி எல்லாம் அதற்கு அடியிலேயே போகும். சுவரைக் கொத்திக் குழாய் புதைக்க வேண்டிய தேவையும் வராது. சுவரில் எதையாவது பொருத்தித்தான் ஆக வேண்டுமென்றால் கல்லைத் துளைக்காமல், கற்களுக்கிடையிலுள்ள சாந்து இடுக்கில் பொருத்தச் சொல்லுங்கள்.

குளிரூட்டிதான் இவை எல்லாவற்றிலும் சிக்கலானது. வெளியே 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் இருக்கும் ஒரு நாளில், ஏறக்குறைய 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்த மேற்பரப்பிலும் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியும். கடைக்குள் 22 பாகை வைத்திருப்பார்கள். பொய்க்கூரைக்கும் பலகைத் தளத்துக்கும் இடைப்பட்ட இருட்டில் குளிர்ந்த காற்றுக்குழாய் ஓடினால் அதன் மேல் நீர் படிந்து சொட்டும். அந்த ஈரத்தில் தீராந்தியின் முனைகள், அதாவது சுவருக்குள் செருகியிருக்கும் பகுதிகள், உக்கத் தொடங்கும். கறையானும் தேடி வரும். பொய்க்கூரை போட்ட பிறகு அதை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆகையால் பொய்க்கூரை வேண்டாம். தீராந்திகள் கண்ணுக்குத் தெரியட்டும், விளக்குகள் தனிச் சட்டத்தில் தொங்கட்டும். மண்டபம் முழுவதையும் குளிராக்குவதற்குப் பதிலாக, வளைவுகளுக்குப் பின்னால், விறாந்தையை விட்டு உள்ளே தள்ளி, தானே நிற்கும் கண்ணாடிக் கூடமொன்றை அமைத்து அதற்குள் மட்டும் குளிரூட்டினால் போதும். வெளியலகுகளைப் பழைய சுவரில் தொங்கவிடாமல் பின்முற்றத்தில் நிலத்தில் தாங்கி வைத்து நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் விறாந்தை இப்போதிருப்பது போலவே திறந்திருக்கும். மழைக்கு ஒதுங்குபவர் ஒதுங்கலாம், கடைக்கும் வெயில் நேரடியாக விழாது.

நடுச்சுவர் பற்றிப் பேரம் பேசவே வேண்டாம். மேல்மாடித் தீராந்திகள் அதன் மேல்தான் தங்கியிருக்கும். அதை இடித்து இரும்பு உத்திரம் கொடுப்பதாகச் சொல்வார்கள்; சுண்ணாம்புச் சுவரின் ஓரிடத்தில் அவ்வளவு பாரத்தையும் குவிப்பது நல்லதல்ல. இருக்கிற வாசல்களைப் பயன்படுத்தி இரண்டு மண்டபங்களாகவே கடை நடத்தலாம். நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் 1913இல் திறந்த புகையிரத நிலையம். அங்கே 2011 டிசெம்பரில் வந்த அப்பிள் கடைக்குச் சுவரும் இல்லை, கண்ணாடி முகப்பும் இல்லை. மேல்தட்டில் மேசைகளை வரிசையாக வைத்து விற்கிறார்கள். இடத்துக்கு ஏற்பக் கடை அமையலாம் என்பதை உங்கள் குத்தகைக்காரருக்குக் காட்ட அந்தப் படமே போதும்.

இன்னொன்று, யாரும் பேசாத ஆபத்து. கைபேசி பழுதுபார்க்கும் இடத்தில் ஊதிப்போன லித்தியம் பற்றரிகள் குவியும். துளைபட்டாலோ சூடேறினாலோ தானே தீப்பற்றும். அணைத்த பிறகும் மீண்டும் எரியக்கூடியவை அவை. பலகைத் தளமுள்ள மேல்மாடியில் பழுதுபார்க்கும் மேசை வைக்க ஒருபோதும் விடாதீர்கள். பின்முற்றத்தில் தனியாகச் சமையலறையோ களஞ்சிய அறையோ இருந்தால், கல்லும் ஓடும் கொண்ட அந்த அறையே அதற்கு உகந்தது. மேல்மாடியில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம் என்பதையும் பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு கணித்து எழுத்தில் வாங்குங்கள்.

மறுமொழி: உவர்மலைப் பேத்தி

மிக்க நன்றி. பின்முற்றத்தில் பழைய குசினி இருக்கிறது, சுவர் நன்றாகவே இருக்கிறது. ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: மேல்மாடி முன்னறையை மட்டும் கடைக்குக் கொடுக்காமல், அப்பப்பா காலத்துக் கப்பல் கணக்குப் புத்தகங்களையும் துறைமுகப் படங்களையும் வைத்து மாணவர்கள் பார்க்கும் அறையாக்கலாமா என்று அப்பா கேட்கிறார். இது நடைமுறையில் சாத்தியமா? அரச அனுமதிகள் எவை, குத்தகை உறுதியில் என்ன எழுத வேண்டும் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

பதில்: பாலையூற்று ஆசிரியர்

அப்பாவுக்கு என் வணக்கம். சாத்தியமே. நான் குறை சொன்ன வாஷிங்டன் கட்டடத்திலேயே மேல்மாடியில் அந்நகரின் வரலாற்று நிலையம் இயங்குகிறது. பிரிஸ்பேனில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தர் தலைமையகம் வைத்திருந்த கட்டடத்தில் 2014 முதல் கீழே அப்பிள் கடை. அவர் அறை இருந்த எட்டாவது மாடி அருங்காட்சியகம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய நமது துறைமுகத்தின் கதையைச் சொல்லவும் உங்கள் கணக்குப் புத்தகங்களில் ஏதாவது இருக்கும். அந்த அறைக்குக் கடைக்குள் நுழையாமல் ஏறும் படி வேண்டும். கடை மூடிய நாளிலும் பிள்ளைகள் வந்து போகலாம்.

பதில்: உறுதிப் பெட்டி

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கட்டடம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெறுங்கள். அறிவிக்கப்பட்டிருந்தால் அவர்களது அனுமதியின்றி ஒரு கூரை ஓட்டைக்கூட மாற்ற முடியாது. அறிவிக்கப்படாவிட்டாலும் திருத்த வேலைக்கு நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி உள்ளூராட்சி மன்றத்தின் அங்கீகாரம் வேண்டும். இவற்றைக் குத்தகைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். சட்டத்தின் முன் கட்டடம் உங்கள் பெயரில்தான் நிற்கிறது.

பதினைந்து ஆண்டுக் குத்தகையை வெள்ளைக் கடதாசியில் எழுதிக் கையெழுத்திட்டால் செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் நிறைவேற்றி, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். கூட்டுரிமையாளர் அனைவரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பாமார் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாக, தங்கள் சார்பில் கையெழுத்திட ஒருவருக்கு அதிகாரம் அளிக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். அந்தத் தத்துவத்தில் குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து எழுதிவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. பின்னால் வரும் வழக்குகளுக்கு அதுவே வித்து.

உறுதியின் அட்டவணையில், இன்றைய நிலையில் ஒவ்வோர் அறையின் படத்தையும் அளவுகளையும் இணைத்து இருதரப்பும் ஒப்பமிடுங்கள். சாந்துக்கரண்டி கூறிய தடைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பொதுவாகப் பழமை பேணப்படும் என்ற வாசகம் நீதிமன்றத்தில் உதவாது. குத்தகை முடியும்போது பொருத்தியவற்றை எல்லாம் தங்கள் செலவில் கழற்றி, அட்டவணையிலுள்ள நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும், அதற்கு ஈடாக வாடகை முற்பணத்துக்குப் புறம்பாக ஒரு தொகையை வங்கி உத்தரவாதமாகத் தர வேண்டும் என்றும் சேருங்கள். கூரை திருத்துவது அவர்கள் பொறுப்பென்றால், எந்த ஓடு, எந்த மரம், எந்த மாரிக்கு முன் என்பதும் உறுதியில் வர வேண்டும்.

பதில்: சாந்துக்கரண்டி

கூரை வேலை வடகீழ்ப் பருவமழைக்கு முன், செப்ரெம்பர் முடிவதற்குள் நிறைவேற வேண்டும் என்று எழுதுங்கள். அது முடிந்த பிறகே உள்வேலை தொடங்கலாம் என்பதும் நிபந்தனையாக இருக்கட்டும். பெரும்பாலானோர் உள்ளே அலங்காரத்தை முதலில் முடித்துக் கடையைத் திறந்துவிடுகிறார்கள், கூரை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போகிறது.

மின்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். முகப்பின் மேற்பாதியை மூடும் எதுவும் கூடாது. அவ்வளவு பாரமும் காற்றழுத்தமும் மேல் விறாந்தையின் மரச் சட்டத்தில்தான் ஏறும், சட்டத்துக்குப் பின்னால் ஈரம் தேங்கும். நடு வளைவின் உட்புறத்தில், தரையில் நிற்கும் தூணொன்றில் பெயரைப் பொருத்தட்டும். வீதியிலிருந்து தெரியும் அளவுக்கு அது போதும். குத்தகைக்காரரின் வடிவமைப்பாளர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால், கையெழுத்துக்கு முன் அவரை நமது துறைமுகப் பக்கத்திலுள்ள ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளர் இல்லத்துக்கு, இப்போது கடற்படை அருங்காட்சியகமாக இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு, அழைத்துப் போய்ச் சுவரின் கனத்தையும் விறாந்தையையும் காட்டுங்கள். அதன் பிறகும் அதே வரைபடத்தோடு வந்தாரென்றால் வேறு குத்தகைக்காரரைப் பாருங்கள்.