கர்நாடக நர்சிங் பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற: இனிஷியல் சிக்கல், வழி சொல்லுங்கள்

வணக்கம். கர்நாடக நர்சிங் கவுன்சிலில் ஆர்.என்.ஆர்.எம். (நர்ஸ், மிட்வைஃப் இரண்டுக்குமான) பதிவுள்ள பி.எஸ்சி. நர்ஸ் ஒருவருக்காகக் கேட்கிறோம். தமிழ்நாட்டில் வேலை என்பதால் இங்குள்ள கவுன்சிலில் பதிய வேண்டும்.

சிக்கல் பெயரில். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிகிரி, பதிவுச் சான்றிதழ் மூன்றிலும் இனிஷியல் மட்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. நர்ஸ்களுக்கான தேசியப் பதிவேட்டின் என்யுஐடி எண் (ஒவ்வொரு நர்ஸுக்குமான தனி அடையாள எண்) ஆதாரை வைத்தே தரப்படுவதால் இந்த வித்தியாசம் இடிக்கும் (நம்மூர் இனிஷியல் வடக்கே தயாராகும் எந்தப் படிவத்துக்கும் புரிவதில்லை).

மார்க் ஷீட்டைக் காட்டி ஆதாரைத் திருத்துவதா, நோட்டரி அஃபிடவிட் போதுமா? அரசிதழில் பெயர் மாற்றம் வரை போனால் பழைய சான்றிதழ்களோடு ஒவ்வொரு இடத்திலும் அதையும் நீட்ட வேண்டும்; அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறோம்.

கர்நாடக கவுன்சிலிலிருந்து பதிவு சரிதான் என்ற சரிபார்ப்புக் கடிதம் வர இப்போது எத்தனை வாரம் ஆகிறது? இந்த வருடம் மாற்றியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.